காட்டுக்குள் கால் வைக்கும் முன்: சிங்கப்பூரில் இயற்கை இனக்கூட்ட மரபியல் ஆய்வைத் தொடங்குவோருக்கு

பல்கலைக்கழகத்தில் இயற்கை இனக்கூட்டங்களின் மரபியலை, அதாவது காட்டில் தானாக வாழும் ஓர் இனத்தின் கூட்டங்கள் மரபணுவில் எப்படி வேறுபடுகின்றன என்பதைப் பேசும் கலந்துரையாடல் குழுவுக்கு வரும் புதியவர்கள் பலர், சாம்பிள் எடுத்து, சீக்வென்சிங்கும் (டிஎன்ஏ எழுத்துகளைப் படிப்பது) முடித்து, படத்தில் ஒன்றும் பிரிந்து தெரியவில்லையே என்ற நிலையில்தான் வாயைத் திறக்கிறார்கள். அப்போது குழு செய்யக்கூடியது மிகக் குறைவு. முப்பது வௌவாலையும் ஒரே மரத்தடியில் பிடித்திருந்தால் எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசையே சற்று வேறு: முதலில் குழு, பிறகு கணக்கு, பிறகு அனுமதி, அதன் பிறகுதான் காடு.

ஹானர்ஸ் ஆய்வேட்டுக்கும் பிஎச்டி முதலாண்டுக்கும் இது பொருந்தும். கூண்டிலோ தொட்டியிலோ வளர்க்காத எந்த உயிரினத்துக்கும் பொருந்தும்.

1. கையில் ஒரு பக்கத்தோடு குழுவுக்குப் போங்கள்

பருவங்கள் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் தொடங்குகின்றன. யார் எந்த வாரம் பேசுவது என்ற பட்டியல் முதல் இரண்டு வாரங்களிலேயே நிரம்பிவிடும். பருவ இடைவேளை வாரத்திலும் தேர்வுக் காலத்திலும் கூட்டம் நடக்காது. அதனால் வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். நான்கு வரி போதும்: நீங்கள் யார், மேற்பார்வையாளர் யார், எந்த உயிரினம், என்ன கேள்வி. குழுவுக்குப் போகும்போது இதையே ஒரு பக்கமாக விரித்து எடுத்துச் செல்லுங்கள். வேறு பல்கலைக்கழகத்திலோ பாலிடெக்னிக்கிலோ இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட குழுக்கள் பொதுவாகக் கதவை அடைப்பதில்லை.

வாராவாரம் படிக்கத் தரும் கட்டுரையில் சுருக்கத்தை விட்டுவிட்டு சாம்பிள் அட்டவணைக்குப் போங்கள். எத்தனை இடம், இடத்துக்கு எத்தனை உயிர், எந்த ஆண்டு எடுத்தது, எத்தனை உயிர் தரம் போதாமல் வடிகட்டலில் விழுந்தது என்று பாருங்கள். 80 எடுத்து 52 மட்டும் மிஞ்சியிருந்தால், விழுந்த 28 எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று கேளுங்கள். புதியவர் கேட்கும் கேள்விகளில் இதைவிட நல்லது கிடையாது. பெரும்பாலும் அவை ஒரே இடத்தைச் சேர்ந்தவையாக இருக்கும், அந்த இடத்தைப் பற்றிய முடிவும் அங்கேயே ஆட்டம் காணும்.

2. தலைமுறைக் கணக்கைப் போடுங்கள்

இங்கே புதியவர்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாக வெட்டியதே, இருபக்க உயிர்களும் மரபணுவில் பிரிந்துவிட்டனவா? நல்ல கேள்வி. ஆனால் எந்த உயிரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பதில் கிடைக்கும்.

சாலை 1980களின் நடுவில் வந்தது. சாலைக்கு மேலே விலங்குகள் கடக்கும் ஈக்கோ-லிங்க் பாலம் 2013இல் வந்தது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் சிற்றுயிருக்கு, சாலை வந்ததிலிருந்து இன்றுவரை சுமார் 40 தலைமுறை. காட்டின் உயர்ந்த மரத்துக்கு மிஞ்சிப்போனால் ஒன்று. இன்று நிற்கும் பெரிய மரங்களில் பல, சாலை வருவதற்கு முன்பே முளைத்தவை. அவற்றின் இலையைப் பறித்து ஆராய்ந்தால், சாலை இல்லாத காலத்துக் காடுதான் தரவில் தெரியும். மரம்தான் வேண்டும் என்றால் நாற்றுகளையும் இளங்கன்றுகளையும் தனியாக எடுத்துப் பெரிய மரங்களோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. தொடர்பு முற்றாக அறுந்த ஒரு கூட்டம், ஒவ்வொரு தலைமுறையிலும் தன் ஹெட்டிரோசைகோசிட்டியில் (ஒரே மரபணுவின் இரு நகல்களும் வேறுபட்டிருக்கும் விகிதம்) 1/(2×எண்ணிக்கை) பங்கை இழக்கிறது. எண்ணிக்கை என்பது தலையெண்ணிக்கை அல்ல, இனப்பெருக்கத்தில் உண்மையில் பங்கெடுக்கும் அளவு. அது 500 என்றால் 40 தலைமுறையில் இழப்பு சுமார் 4%. 50 என்றால் சுமார் 33%. முன்னதைப் பிடித்துக்காட்ட ஆயிரக்கணக்கான எஸ்என்பி குறியீடுகள் (டிஎன்ஏவில் ஓர் எழுத்து மட்டும் மாறும் இடங்கள்) வேண்டும். பின்னது ஒரு டஜன் மைக்ரோசாட்டலைட்டிலேயே (சிறு டிஎன்ஏ துணுக்கு திரும்பத் திரும்ப வரும் இடங்கள்) தெரிந்துவிடும். எந்த முறைக்குப் பணம் செலவழிப்பது என்பதை இந்த ஒரு வரிக் கணக்கு சொல்லிவிடுகிறது. குழுவுக்கு எடுத்துச் செல்லும் அந்த ஒரு பக்கத்தில் இது கட்டாயம் இருக்கட்டும்.

காலப்போக்கில் வந்த மாற்றம்தான் உங்கள் கேள்வி என்றால், காட்டுக்கு முன் அரும்பொருளகத்தை நினையுங்கள். சிங்கப்பூர்ப் பழந்தின்னி வௌவால்களின் பழைய அரும்பொருளகச் சாம்பிள்களை இன்றைய வௌவால்களோடு ஒப்பிட்டு, மரபுப் பன்முகத்தன்மை குறைந்திருப்பதை 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. கென்ட் ரிட்ஜில் உள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் விலங்குகளும், தாவரவியல் பூங்காவின் ஹெர்பேரியத்தில் உலர்தாவரங்களும் இருக்கின்றன. துணுக்கு வெட்டி எடுக்கத் தனி விண்ணப்பம் வேண்டும். எந்தப் பதிவு எண், உடலின் எந்தப் பகுதி, எத்தனை மில்லிமீட்டர், வேறு வழி ஏன் இல்லை என்பதெல்லாம் அதில் வரவேண்டும். பழைய டிஎன்ஏவைப் புதிய டிஎன்ஏ கையாளும் மேசையில் பிரித்தெடுக்கக் கூடாது. அதற்கான தனி அறை உங்களுக்குக் கிடைக்குமா என்று உறுதிசெய்த பிறகே விண்ணப்பியுங்கள்.

3. எத்தனை, எங்கே, யாரை

மைக்ரோசாட்டலைட் என்றால் இடத்துக்கு 25 முதல் 30 உயிர். ஆயிரக்கணக்கில் எஸ்என்பி கிடைக்கும் என்றால், கூட்டங்களுக்கிடையே வேறுபாட்டை அளக்க 8 முதல் 10 கூடப் போதும். ஆனால் அரிய அல்லீல்களும் (ஒரு மரபணுவின் மாற்று வடிவங்கள்) அண்மைக்கால எண்ணிக்கை மாற்றமும் தேவைப்பட்டால் மறுபடியும் 25க்கு மேல் போக வேண்டும்.

இரண்டு பொறிகள். ஒன்று, உடன்பிறப்புகள். ஒரே ஓடைக்குட்டையில் பத்துத் தலைப்பிரட்டைகளை அள்ளினால் கையில் இருப்பது ஒரு குடும்பம். அது தனிக் கூட்டம் போலத் தெரியும், ஆனால் அந்த வேறுபாடு பொய். குட்டைக்கு ஒன்று என்று எடுங்கள். இரண்டு, இரு முனைகளில் மட்டும் எடுத்து நடுவை விட்டுவிடுவது. தூரம் கூடக்கூட இயல்பாகவே வேறுபாடும் கூடும். நடுவில் சாம்பிள் இல்லாவிட்டால் அந்தச் சீரான சரிவு, கூர்மையான பிளவாகத் தோன்றும். சாலை பிரித்தது என்று சொல்ல வேண்டுமானால், சாலையின் ஒரே பக்கத்தில் அதே தூரத்தில் உள்ள இடங்களிலிருந்தும் சாம்பிள் இருக்க வேண்டும்.

4. அனுமதிகள்: இங்கேதான் நாள் போகும்

மே முதல் ஜூலை வரையிலான விடுமுறையில் களப்பணி என்றால், தாள்களை ஜனவரியில் தொடங்குங்கள். முதலில் நிலம் யாருடையது என்று இடவாரியாக ஒரு அட்டவணை போடுங்கள்.

இயற்கை வனப்பகுதிகள் நான்கு: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, சுங்கை பூலோ, லாப்ரடார். இவற்றுக்கும் பூங்காக்களுக்கும் புலாவ் உபினுக்கும் தேசியப் பூங்காக் கழகத்தின் ஆராய்ச்சி பெர்மிட் வேண்டும். நீர்த்தேக்கத்தில் இறங்கிச் சாம்பிள் எடுப்பதாக இருந்தால் பொதுப் பயனீட்டுக் கழகத்தையும் கேட்க வேண்டும். வேலிபோட்ட அரசு நிலம் சிங்கப்பூர் நில ஆணையத்தின் பொறுப்பாக இருக்கலாம். ராணுவப் பயிற்சிப் பகுதிகளைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. அவற்றை நம்பி ஓர் ஆய்வேட்டைக் கட்டாதீர்கள்.

பெர்மிட் விண்ணப்பத்துக்கு முன் இவற்றைத் தயார்செய்யுங்கள்:

- ஆய்வின் நோக்கமும் முறையும், இரண்டு மூன்று பக்கத்தில்
- இடங்களின் வரைபடம், பாதை விட்டு விலகிப் போகும் இடங்கள் குறித்தது
- இனவாரியாக எடுக்கப்போகும் எண்ணிக்கை, உடலின் எந்தப் பகுதி
- பொறி, வலை, குறியீட்டு நாடா போன்று காட்டில் வைக்கப்போகும் பொருள்கள்
- உடன் வருவோர் அனைவரின் பெயர்
- வேலை நேரம், இரவு என்றால் தெளிவாக
- மேற்பார்வையாளரின் கடிதம்

அடிக்கடி சிக்கல் வருவது எண்ணிக்கையிலும் பெயரிலும். '30' என்று எழுதிவிட்டு 34 எடுக்க முடியாது. கெட்டுப்போகும் சாம்பிளுக்கும் சேர்த்தே எண்ணிக்கை கேளுங்கள். உதவிக்கு வரும் நண்பர் பெயர் பெர்மிட்டில் இல்லையென்றால் அவரை அழைத்துச் செல்லாதீர்கள். 'பல்லி இனங்கள்' என்று பொதுவாக எழுதினால் திருப்பி அனுப்பிக் கேட்பார்கள், அதில் வாரங்கள் போகும். இனப்பெயரையே எழுதுங்கள்.

முதுகெலும்புள்ள உயிரைத் தொடப்போகிறீர்கள் என்றால் பல்கலைக்கழகத்தின் விலங்குப் பராமரிப்புக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். விலங்குகளைக் கையாளும் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும் என்பதால் அதற்கு முதலில் பதிவுசெய்யுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பும். வால் நுனி, இறக்கைச் சவ்வில் துளை, வாய்க்குள் பஞ்சு என எதைச் செய்தாலும் வலி, காயம், விடுவிக்கும் முறை எல்லாவற்றையும் எழுத வேண்டும். இந்த ஒப்புதலும் பெர்மிட்டும் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கும் நிலை வரும். இரண்டையும் ஒரே வாரத்தில் சமர்ப்பித்து, ஒவ்வொன்றிலும் மற்றது பரிசீலனையில் இருக்கிறது என்று குறிப்பிடுங்கள். எண்ணிக்கையும் முறையும் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கட்டும்.

பூச்சி, நண்டு, நத்தைக்குப் பொதுவாக அந்தக் குழு கேட்காது. ஆனால் பெர்மிட் வேண்டும். கீழே கிடக்கும் எச்சமும் (விலங்கின் கழிவு) அப்படித்தான். விலங்கைத் தொடவில்லை என்றாலும் வனப்பகுதியிலிருந்து எடுப்பது எடுப்பதுதான். எச்சத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். இங்குள்ள ராஃபிள்ஸ் பேண்டட் லங்கூர் குரங்கு தனி இனம், அதுவும் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று 2020இல் காட்டிய ஆய்வு, எச்சத்திலிருந்து கிடைத்த டிஎன்ஏவை வைத்தே செய்யப்பட்டது. ஒரு குரங்கையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

5. வெளிநாட்டுச் சாம்பிளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள்

ஜோகூர் பக்கத்தில்தானே என்று உட்லண்ட்ஸ் வழியாகக் குப்பிகளோடு வந்துவிடக் கூடாது. தீபகற்ப மலேசியா, சபா, சரவாக் மூன்றுக்கும் தனித்தனி அனுமதி முறை. உள்ளூர்க் கூட்டாளி இல்லாமல் நடக்காது. ஆறு மாதத்துக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து படிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நண்பர் சேகரித்து வைத்திருக்கும் தவளைத் திசுவை ஆய்வுக்குப் பெற, இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் ஒப்புதல் வேண்டும். அதன் அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருப்பது விலக்கு ஆகாது. வெளிநாடுவாழ் இந்தியருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். அந்தத் திசுவை எடுத்ததற்கே வனத்துறை அனுமதி இருந்ததா என்பதையும் முதலில் கேளுங்கள்.

குரங்கு, எறும்புத்தின்னி, நீர்நாய் போன்றவை சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. முடியும் செதிலும் திசுவும் எல்லை தாண்ட இரு நாட்டுப் பெர்மிட்டும் வேண்டும். இங்கே அதையும் தேசியப் பூங்காக் கழகமே வழங்குகிறது. சீக்வென்சிங்குக்காகச் சிங்கப்பூரிலிருந்து வெளியே அனுப்பும்போதும் இது பொருந்தும்.

எத்தனாலில் உள்ள சாம்பிளை விமானத்தில் அனுப்ப ஐயாட்டாவின் (பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம்) ஏ180 என்ற சிறப்பு விதி உண்டு. குப்பிக்கு 30 மில்லிக்கு மேல் கூடாது, வெளிப்பெட்டிக்கு மொத்தம் 1 லிட்டருக்கு மேல் கூடாது, இரட்டைப் பை, நடுவில் உறிஞ்சும் பொருள், வெளியே விதியின் பெயர். கூரியர் முகவருக்கு இந்த விதி தெரியாமலிருக்கலாம். அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.

6. களத்தில்

எத்தனால் பாட்டிலை எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகாதீர்கள். தீப்பற்றும் பொருளுக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் என்று நிலையத்திலேயே எழுதியிருக்கிறது. துறையின் வாகனம் கிடைக்காவிட்டால் திசுவைப் பாதுகாக்கும் டெஸ் கரைசலைப் பயன்படுத்துங்கள். 20% டிஎம்எஸ்ஓ, 0.25 மோலார் ஈடிடிஏ, இனிக் கரையாத அளவுவரை உப்பு, பிஎச் 8. அறை வெப்பத்திலேயே திசு தாங்கும். டிஎம்எஸ்ஓ தோல் வழியே ஊடுருவும் என்பதால் கையுறை அவசியம்.

எத்தனால் என்றால் 95% அல்லது அதற்கு மேல். சாயம் கலந்த தொழிற்சாலை ஸ்பிரிட் வேண்டாம், அதில் டிஎன்ஏ சிதையும். திசு ஒரு பங்கு, எத்தனால் பத்துப் பங்கு. முழுப் பூச்சியோ நண்டோ போட்டால் அதன் உடல்நீர் எத்தனாலை நீர்க்கச்செய்துவிடும். 24 மணி நேரத்தில் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். இந்த ஒன்றை விட்டதால் வீணான சாம்பிள்களே அதிகம்.

இலைக்கு சிலிக்கா ஜெல், எடையில் பத்து மடங்கு. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பையைத் திறந்து வைத்த நிமிடமே ஜெல் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கும். நிறம் மாறும் மணிகளைச் சிறிதளவு கலந்து வையுங்கள். மறுநாள் இலை விரலில் நொறுங்க வேண்டும். வளைந்தால் ஜெல்லை மாற்றுங்கள்.

குப்பிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு, வெளியே இன்னொரு சீட்டு. மார்க்கர் மையை எத்தனால் துடைத்து எடுத்துவிடும். எண் மட்டும் போதாது. தேதி, இடச் சுருக்கம், எடுத்தவர் பெயரெழுத்து மூன்றும் வேண்டும். அடர்ந்த விதானத்தின் கீழ் ஜிபிஎஸ் பல மீட்டர் தவறும். இரண்டு நிமிடம் நின்று பிழை அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புலாவ் உபினுக்குச் சாங்கி முனையிலிருந்து படகு, ஆளுக்கு 4 வெள்ளி, 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். விடியலில் போவதானால் ஆள் சேராது, முழுப் படகுக்கான பணத்தையும் வரவுசெலவில் போடுங்கள். சதுப்புநிலம் என்றால் முதலில் அலை அட்டவணை, பிறகுதான் நாள்காட்டி. டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் ஓடை வேலை வைக்காதீர்கள். இடி கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

7. ஆய்வகத்தில்

சதுப்புநில மர இலைகளில் பாலிஃபீனாலும் பசைச் சர்க்கரையும் அதிகம். சாதாரணக் கிட்டில் கரைசல் பழுப்பாகவோ வழவழப்பாகவோ வந்தால் பிசிஆர் (டிஎன்ஏவைப் பல நகலாகப் பெருக்கும் முறை) நின்றுபோகும். தாவர டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சிடேப் முறையில், பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேர்த்து, மெர்கேப்டோஎத்தனாலை ஃபியூம் ஹூட்டுக்குள் கையாளுங்கள்.

டிஎன்ஏவின் அளவை நானோடிராப் என்ற ஒளி அளவுமானியை நம்பி முடிவுசெய்யாதீர்கள். அது ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணும். தூய்மைக்கு அது, அளவுக்கு டிஎன்ஏவை மட்டும் அளக்கும் க்யூபிட் கருவி, உடைந்திருக்கிறதா என்று பார்க்க அகரோஸ் ஜெல். நானோடிராப் காட்டும் ஒளி உறிஞ்சலின் 260/280 விகிதம் 1.8 அருகில் இருக்கட்டும். 260/230 மிகக் குறைந்தால் உப்போ சர்க்கரையோ மிஞ்சியிருக்கிறது என்று பொருள்.

96 குழித் தட்டில் இடவாரியாக அடுக்காதீர்கள். முதல் தட்டு புக்கிட் தீமா, இரண்டாம் தட்டு மண்டாய் என்று வைத்தால், தட்டுகளுக்கிடையே வரும் வேறுபாட்டையும் காடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் பிறகு பிரிக்கவே முடியாது. குலுக்கிப் போடுங்கள். ஒன்றிரண்டு வெற்றுக் குழியும், மூன்று நான்கு சாம்பிளின் இரட்டையும் இருக்கட்டும். எச்ச டிஎன்ஏவில் ஓர் அல்லீல் விட்டுப்போவது சாதாரணம், ஒவ்வொன்றையும் பல தடவை பிசிஆர் செய்து ஒத்துவந்ததையே ஏற்க வேண்டும்.

8. செலவு

சீக்வென்சிங் விலைப்புள்ளியை ஜிகாபேஸில் (நூறு கோடி டிஎன்ஏ எழுத்துகள்) கேளுங்கள். மரபணுத்தொகை 1 ஜிகாபேஸ், 60 உயிர், ஒவ்வொன்றும் 3 மடங்கு ஆழம் (ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக மூன்று முறை படிக்கப்படுவது) என்றால் 180 ஜிகாபேஸ். ஒரே துண்டு மறுபடி படிக்கப்படும் இரட்டைகளுக்கும் சரியாக வராதவற்றுக்கும் 15 முதல் 20% கூட்டுங்கள். லைப்ரரி தயாரிப்பு (டிஎன்ஏவைச் சீக்வென்சிங் கருவிக்கு ஏற்றபடி தயார்செய்வது) உயிருக்கு ஒன்று என்று தனியாகக் கணக்காகும். உயிர்கள் பல, ஆழம் குறைவு என்ற திட்டத்தில் சீக்வென்சிங்கை விட அதுவே பெரிய தொகையாக வரலாம். கிட், பிளாஸ்டிக், உலர்பனி, கூரியர் எல்லாம் அதற்கு மேல். விலைப்புள்ளியில் 9% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராத தொகையை வைத்து மானியம் கேட்டு, கடைசி எட்டு சாம்பிளைக் கைவிட வேண்டிவரும்.

துறையின் கொள்முதல் முறைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விலைப்புள்ளி தேவைப்படும். புது நிறுவனத்தைப் பதிவுசெய்ய நாள் ஆகும். ஐந்தாறு சாம்பிளை முதலில் அனுப்பிச் சோதிக்க ஒரு தொகையை ஒதுக்குங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் அனுப்புவது ஆபத்து.

9. தரவும், குழுவில் உங்கள் நாளும்

மூலக் கோப்பு வந்த அன்றே இரண்டு இடங்களில் நகல், நகல் பிசகாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் சரிபார்ப்பு. பல்கலைக்கழகக் கணினித் தொகுதியிலோ தேசிய உயர்கணினி நிலையத்திலோ கணக்குத் திறப்பதைச் சாம்பிள் அனுப்பும் வாரத்திலேயே முடியுங்கள்.

வடிகட்டும் அளவுகளைப் பிறர் கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். அரிய அல்லீல்களை நீக்குவது கூட்ட வேறுபாட்டைப் பார்க்க உதவும். எண்ணிக்கை வரலாற்றைக் கணிப்பதை அதுவே கெடுக்கும். நெருங்கிய உறவினர் இணைகளில் ஒன்றை நீக்கிய பிறகு பிசிஏ (மரபணுவில் ஒத்த உயிர்களை அருகருகே புள்ளிகளாகக் காட்டும் முறை) செய்யுங்கள்.

அந்தப் பிசிஏ படத்தை மூன்று முறை வண்ணமிட்டுக் குழுவுக்குக் காட்டுங்கள்: இடவாரியாக, தட்டுவாரியாக, விடுபட்ட தரவின் விகிதப்படி. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ வண்ணங்கள் அழகாகப் பிரிந்தால், முதல் படத்தில் தெரிந்ததை இன்னும் நம்ப வேண்டாம். இருபது நிமிடம் கிடைத்தால் பத்தைப் பேச்சுக்கு வைத்து, மீதியைக் கேள்விக்கு விடுங்கள். முதல் ஸ்லைடில் வரைபடம், இரண்டாவதில் சாம்பிள் அட்டவணை. அதைப் பார்த்தவுடனேயே கேள்விகள் வரத் தொடங்கும், நிறுத்தாமல் விடுங்கள். ஒருவர் குறிப்பெடுக்க ஒப்புக்கொள்ளட்டும், நீங்கள் பதில் சொல்லும் பரபரப்பில் பாதி விட்டுப்போகும்.

பெர்மிட் முடியும் தேதிக்கு முன் இறுதி அறிக்கையைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த விண்ணப்பத்தின்போது அது தேடப்படும். மிஞ்சிய திசுவை அரும்பொருளகத்தில் ஒப்படைத்து, அங்கே கிடைக்கும் பதிவு எண்ணை உங்கள் சாம்பிள் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள்.